பதினெட்டாம் எண் தொப்பி

9 மார்ச் 1993, செவ்வாய்

காலையில் கோலா சுங்கை பாரு மீன்காரர் வந்தார். கெம்போங் மீன் வாங்கினோம். என் மனைவி இருசம்மாள் வெங்காயம் எடுப்பதற்காக அலமாரி மேலிருந்து என் பழைய தொப்பியை இறக்கினாள். முப்பத்திரண்டு ஆண்டு தீயணைப்பு வேலை பார்த்ததற்கு என்னிடம் மிஞ்சிய பொருள் அந்த இரும்புத் தொப்பி ஒன்றுதான். பத்து ஆண்டுகளாக அதில் வெங்காயம் கிடக்கிறது. காற்றோட்டமாக இருக்கிறதாம்.

பேப்பர் வாங்க மலாக்காப் பட்டணத்துக்கு, ஹமீது பாய் கடைக்குப் போனேன். பாய் மூன்றாம் பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தார்.

“பாத்தீங்களாண்ணே? உங்க கூட்டாளி பேப்பர்ல வந்துட்டாரு.”

பரமேஸ்வரன். அரைப் பக்கம். படத்துடன். பழைய நகராட்சித் தீயணைப்புப் படையின் வீரருக்கு நுரையீரல் புற்றுநோய். இவரைப் போன்றவர்களுக்கு உதவ மாநிலச் சட்டமன்றத்தில் சட்டம் வருகிறது.

முதலில் எனக்கு அதிர்ச்சிதான் வந்தது. பிற்காலத்தில் யாரும் சந்தேகப்படக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன். அடுத்து வந்தது, படம் நன்றாக விழுந்திருக்கிறதே என்ற நினைப்பு.

முப்பது ஆண்டுகளாக நான் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறேன். பதினோரு கடிதம் வந்திருக்கிறது. படம் வந்ததில்லை.

12 மார்ச்

புக்கிட் ரம்பாயில் அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தொழிற்சாலை நாற்றம் வரவேற்பறை வரைக்கும் வருகிறது. உள்ளே ஏழு ஹார்லிக்ஸ் டின், சட்டமன்ற உறுப்பினர் ஒய்பி அனுப்பிய பழக்கூடை, அதில் இன்னும் அவிழ்க்காத சிவப்பு ரிப்பன்.

“வா லா, பதினெட்டு!” என்றான். குரலில் பாதிதான் இருந்தது. மீசை முழுதாக இருந்தது.

எங்கள் இருவருக்கும் பெயர் கிடையாது. 1960-இல் ஒரே நாளில் சேர்ந்தோம். தொப்பியில் அவனுக்குப் பதினேழு, எனக்குப் பதினெட்டு. அன்று வரிசையில் அவன் எனக்கு முன்னால் நின்றான். அதிலிருந்து அப்படித்தான்.

“பேப்பர்ல போட்டுட்டானுங்க, பாத்தியா?”

“பாத்தேன். மீசை நல்லா வந்திருக்கு.”

“நீ நல்லா இருக்கியா?”

“நல்லா இருக்கேன்” என்றேன். மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது.

சுவரில் அந்த நற்சான்றிதழ் அதே ஆணியில் தொங்குகிறது. இருபத்தைந்து ஆண்டு. கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறாள் அவன் மனைவி காளியம்மா. நான் அதைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தேன். கடிகாரம் நின்றிருந்தது.

13 மார்ச்

எனக்கு இருமல்கூட இல்லை.

2 ஏப்ரல்

பரமேஸ்வரனின் மகள் தேவமலர் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். சட்ட முன்வரைவு அவள் கைக்கு வந்துவிட்டது. மலாயில் இருந்ததை வீட்டு மேசையில் வைத்து எங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள். அப்பாவைப் போலவே நிமிர்ந்து உட்கார்ந்து வாசிக்கிறாள்.

விஷயம் இதுதான். 1976-இல் பொம்பா, அதாவது தீயணைப்புப் படை, முழுவதும் மத்திய அரசுக்குப் போனது. அதற்கு முன் நாங்கள் நகராட்சியின் ஆட்கள். அந்தக் காலத்துப் புகைக்கு மத்திய அரசு பொறுப்பில்லை என்கிறது. நகராட்சி, ஆளே இப்போது எங்களிடம் இல்லையே என்கிறது. ஆகவே அந்தப் புகையை மாநிலம் தத்தெடுக்கப் போகிறது. மூன்று நிபந்தனைகள். பழைய படையில் பத்து ஆண்டு வேலை. பட்டியலில் உள்ள புற்றுநோய். ஸ்டேசன் சம்பவப் புத்தகத்தில் அந்த ஆளின் பெயரில் பத்துப் பெரிய தீ: ரப்பர், எண்ணெய், ரசாயனம். அங்கீகாரம் கிடைத்தால், கோலாலம்பூருக்குப் போய் வைத்தியம் பார்க்க முழுச் செலவு. ஆள் போனபிறகு மனைவிக்கு மாதாமாதம்.

“அப்பா, நீங்க எத்தனை?” என்றாள்.

அவள் புத்தகத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்திருந்தாள். அவளே சொன்னாள். “கரெக்டா பத்துப்பா.”

காளியம்மா கையெடுத்துச் சாமிப் படத்தைக் கும்பிட்டாள். பரமேஸ்வரன் என்னைப் பார்த்தான். நான் பழக்கூடையைப் பார்த்தேன்.

அந்தப் பத்தில் ஒன்று நான்.

“உங்களுக்கும் பாத்தேன் அங்கிள்,” என்றாள் தேவமலர். “உங்களுக்குப் பதினாலு.”

பதினாலு தீ இருந்து என்ன பயன். நோய் அவனுக்கல்லவா வந்திருக்கிறது.

(இந்த வரியை அடிக்கலாமா என்று யோசித்தேன். நாட்குறிப்பில் அடிப்பதில்லை என்பது என் கொள்கை.)

3 ஏப்ரல்

எழுதி வைக்கிறேன், மறந்துபோகாது என்றாலும்.

எங்கள் ஸ்டேசனில் தொப்பி மாற்றுவது என்று ஒரு வழக்கம் இருந்தது. ஒருவனுக்கு வீட்டில் வேலை வந்தால் இன்னொருவன் அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பான். அதிகாரி எண்ணைக் கூப்பிடுவார். அந்தத் தொப்பிக்குக் கீழே இருக்கிற தலை “சார்” என்று சொல்லும். புத்தகத்தில் எண் ஏறும். முகத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை. அதிகாரிக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்தோம். தெரிந்தும் தெரியாதது போல அவர் இருந்துகொண்டார். நிர்வாகம் ஒழுங்காக நடந்தது. மாட்டிக்கொண்டால் மட்டும் இரண்டு பேருக்கும் வேலை போகும்.

1968, ஆகஸ்ட். காளியம்மாவுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அவன் ஓடினான். நான் பதினேழைப் போட்டுக்கொண்டேன். அன்று மத்தியானம் ஆற்றோர ரப்பர் கிடங்கு தீப்பிடித்தது. மூச்சுக் கருவி ஸ்டேசனில் இரண்டு உண்டு. அதிகாரியின் பூட்டிய அலமாரியில் இருந்ததால் அவை கடைசி வரை புதிதாகவே இருந்தன. எங்களுக்கு ஈரத் துண்டு. மாடியில் ஒரு சீனக் காவல்காரர் மாட்டிக்கொண்டார். நான் தூக்கி வந்தேன். நல்ல கனமான மனிதர்.

மறுநாள் பேப்பரில் “தீயணைப்பு வீரர் 17, பரமேஸ்வரன்.” அடுத்த மாதம் மேடை, மாலை, நற்சான்றிதழ். அவன் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று குதித்தான். சொன்னால் இரண்டு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கையில் பிறந்து ஒரு மாதமான பிள்ளை. நான்தான் சொல்லாதே என்றேன். பெருந்தன்மையோடுதான் சொன்னேன். பெருந்தன்மை அன்று சாயங்காலம் வரை நீடித்தது.

அந்தப் பிள்ளைதான் நேற்று எனக்குச் சட்டம் வாசித்துக் காட்டியது.

21 ஏப்ரல்

சட்டம் நிறைவேறியது. ஒய்பி பேசும்போது பரமேஸ்வரனின் பெயரைச் சொன்னாராம், 1968 தீயையும் சொன்னாராம். ஆகவே நான் காவல்காரரைத் தூக்கியது இப்போது சட்டமன்றக் குறிப்பில் அவன் பெயரில் ஏறிவிட்டது. சுவரிலிருந்தால் ஒருநாள் கழற்றலாம். அதைக் கழற்ற முடியாது.

இரவுச் சாப்பாட்டில் இரண்டாவது தடவை சோறு வேண்டாம் என்றேன். இருசம்மாள் தட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“என்னா, அவருக்கு வந்தது உங்களுக்கு வரலன்னு கவலையா?”

முப்பது ஆண்டு குடும்பம் நடத்தினால் இப்படித்தான்; நாட்குறிப்பைப் படிக்காமலே படித்துவிடுகிறார்கள்.

6 மே

பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டேன். முன்னெச்சரிக்கை என்று இருசம்மாளிடம் சொன்னேன். படத்தை விளக்கில் வைத்துப் பார்த்த டாக்டர் ஒரு சின்னப் பையன். “இந்த வயசுக்கு ரொம்ப சுத்தம் அங்கிள். சிகரெட் பிடிக்க மாட்டீங்களா?”

“இல்லை.”

“எங்க வேலை?”

“பொம்பாவில்.”

அவன் படத்தை மறுபடியும் பார்த்தான். “அதிர்ஷ்டம்” என்றான்.

பேருந்தில் வரும்போது எனக்குள் இருந்தது நிம்மதி என்று எழுத விரும்புகிறேன். பாதி நிம்மதி. மீதியை என்னவென்று சொல்வது? விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவனுக்கு இருப்பது போல ஏதோ ஒன்று. சீ.

17 ஜூன்

தேவமலர் வந்தாள். மோட்டார் சைக்கிளை நிறுத்தியவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

“அங்கிள், அப்பா கெடுத்துட்டாரு. குழு முன்னாடி எல்லாம் சரியா போச்சு. கையெழுத்து போடற நேரத்துல பேனாவ வச்சிட்டு சொல்றாரு, ‘1968 நான் இல்ல. அது நாகமுத்து. என் தொப்பி மட்டுந்தான் போச்சு.’ சொல்லிட்டு அந்த சர்ட்டிபிகேட்ட பையிலேருந்து எடுத்து மேசையில வச்சிட்டாரு. கண்ணாடி, சட்டம், ஆணி எல்லாத்தோடயும்!”

“ஆணியோடவா?”

“அங்கிள்!”

“சரி, சொல்லு.”

“இப்ப ஒன்பது. ஒண்ணு குறையுது. அவ்வளவுதான், தள்ளுபடி. ஏன்பா இப்படி பண்ணீங்கன்னு கேட்டா, ‘இருபத்தஞ்சு வருஷமா அத பாத்துகிட்டே சாப்புடுறேன்மா, போதும்லா’ங்கிறாரு. அம்மா பேச மாட்டேங்கிறாங்க. அடுத்த மாசத்துலேருந்து கோலாலம்பூர் போற செலவுக்கு நாங்க எங்க போவோம்? சொல்லுங்க.”

அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினாள். உள்ளே அழுதுகொண்டிருந்திருக்கிறாள்.

இருசம்மாள் கோப்பி கலக்கிக் கொடுத்தாள். என்னிடம் சொல்வதற்கு இருந்தது ஒன்றுதான். அதை அந்தப் பிள்ளையிடம் சொல்ல முடியாது.

18 ஜூன்

நேர்மையிலும் முந்திக்கொண்டான்.

20 ஜூன்

தூங்கவிடாமல் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. அவனுக்காக நான் போனது ஒரு தரம். எனக்காக அவன் போனது?

நான் 1961 முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். ஹமீது பாயின் வாப்பா காலத்திலிருந்து அதே கடை, அதே நீல அட்டை. கட்டிலுக்கு அடியிலிருந்த மைலோ பெட்டிகளை இழுத்தேன். பல்லி முட்டை, தூசி, நான்.

14 ஆகஸ்ட் 1966: “இன்று கலைமன்றக் கூட்டத்தில் ‘அஞ்சாமை’ என்ற தலைப்பில் நாற்பது நிமிடம் பேசினேன். நல்ல கைத்தட்டல். என் தொப்பியில் பரமேஸ்வரன் எண்ணெய்க் கிடங்குத் தீக்குப் போயிருந்தான். திரும்பி வந்து கதை அளக்கிறான்.”

2 மார்ச் 1967: “கட்டுரைப் போட்டிக்கு எழுதி முடித்தேன். அவன் எனக்காக டயர்க் கிடங்குக்குப் போனான். முகமெல்லாம் கரி, மீசை மட்டும் எப்படியோ பளபளக்கிறது. அந்த மீசை தனி ஆளாகவே கணக்கில் வரும், அதற்கும் ஒரு தொப்பி கொடுக்கலாம்.”

9 நவம்பர் 1970: “பெயின்ட் கிடங்கு. என் தொப்பி, அவன் தலை. நான் நாடக ஒத்திகையில் இருந்தேன். மூன்று நாளாக இருமுகிறான். எனக்காகப் போனதை ஊருக்குக் காட்ட வேண்டும் என்பதற்காகவே இருமுகிறான். நடிகன்.”

அங்கே நிறுத்திவிட்டேன். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியைப் பார்த்தேன்.

மொத்தம் ஆறு. புத்தகத்தில் என் பெயரில் இருக்கிற பதினாலில் ஆறு தீ அவன் குடித்த புகை. நான் மேடையில் நின்று அஞ்சாமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது என் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது.

அதிர்ஷ்டம் என்றானே அந்த டாக்டர் பையன். அவனுக்கு என்ன தெரியும்.

23 ஜூன்

இதை யோசிக்க வேண்டும். நிதானமாக.

அவனுடைய ஒன்பதோடு இந்த ஆறும் சேர்ந்தால் பதினைந்து. சட்டப்படி தாராளம். ஆனால் நிரூபணம் என் நாட்குறிப்புதான். ஸ்டேசனில் அந்தக் காலத்து ஆட்கள் செத்தோ ஊர் மாறியோ போய்விட்டார்கள். அதிகாரி போய் பத்து ஆண்டாகிறது.

என் கணக்கு: பதினாலில் ஆறு போனால் எட்டு. 1968-ஐ எனக்குத் திருப்பிக் கொடுத்தால் ஒன்பது. நாளைக்கே எனக்கு ஏதாவது வந்தால் ஒன்று குறையும். சரி, அது நாளைக்கு.

இன்னொன்றுதான் பெரிது. அந்தப் புத்தகங்களை மொழிபெயர்க்க வேண்டும். மலாக்காவில் நீதிமன்றத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர்தான். தேவமலர்.

அவள் அப்பாவைப் பற்றி நான் எழுதாத பக்கம் இல்லை.

25 ஜூன்

சுத்தமான பிரதி ஒன்று எழுத ஆரம்பித்தேன். தேதி, இடம், தொப்பி எண் மட்டும். வசையை எல்லாம் விட்டுவிட்டேன். பதினைந்து ஆண்டு ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது.

27 ஜூன்

ஹமீது பாயிடம் வேறு யாருக்கோ நடப்பது போலக் கேட்டேன். பழைய நோட்டில் சில வரிகளை மையால் அடித்துவிட்டுக் கொடுத்தால் அரசாங்கத்தில் ஏற்றுக்கொள்வார்களா?

பாய் பேனாவுக்கு மூடி போட்டார். “அடிச்சா, அடிக்காததையும் நம்பமாட்டான்லாண்ணே. கொடுக்கறதா இருந்தா அப்படியே கொடுங்க. இல்லன்னா வச்சுக்குங்க.” பிறகு, “பரமேஸ்வரண்ணன் எப்படி இருக்காரு?” என்றார்.

யாருக்கு என்று நான் சொல்லவே இல்லையே.

1 ஜூலை

நீல அட்டை போட்ட ஆறு புத்தகங்களையும் பசார் பையில் போட்டு நீதிமன்றத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். எந்தத் தேதிகள் என்று ஒரு துண்டுச் சீட்டும் வைத்தேன். “இந்தத் தேதி மட்டும் படிச்சா போதும்மா” என்றேன்.

“சரி அங்கிள்.”

“மட்டும்.”

“சரி அங்கிள்.”

முப்பத்திரண்டு ஆண்டில் கண்ணீரும் கையுமாக எத்தனையோ பேரை வெளியே கொண்டுவந்திருக்கிறோம். ஓடுகிற கட்டடத்துக்குள் நானே நடந்து போனது போல இருந்தது.

“ஓடுகிற” இல்லை, “எரிகிற.” அடிப்பதில்லை என்பதால் அப்படியே இருக்கட்டும்.

9 ஜூலை

செய்தி இல்லை.

12 ஜூலை

செய்தி இல்லை. மகள் அப்பாவின் சார்பில் மொழிபெயர்ப்பது முறையல்ல என்று குழு சொன்னதாம். சரிபார்க்க மூவாரிலிருந்து இன்னொரு மொழிபெயர்ப்பாளரை வரவழைக்கிறார்களாம். நல்லது. வாசகர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள்.

18 ஜூலை, ஞாயிறு

பரமேஸ்வரன் வரச் சொன்னானென்று காளியம்மா போன் செய்தாள். குரலில் ஒன்றும் தெரியவில்லை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஏன் என்று தெரியவில்லை. தண்டனை கேட்கப் போகிறவர்கள் அப்படித்தான் போவார்கள்.

கட்டிலில் சாய்ந்திருந்தான். தலைமுடி போய்விட்டது. மீசையும் போய்விட்டது. இத்தனை ஆண்டு அந்த மீசையைத் திட்டியவன் நான். அது இல்லாத முகத்தைப் பார்க்க எனக்குக் கண் கூசியது.

மடியில் 1967.

“பாப்பா எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டுச்சு,” என்றான். “நீ சீட்டு வச்ச தேதி மட்டும் இல்ல. எல்லாத்தையும்.”

நான் நின்றுகொண்டே இருந்தேன். தேவமலர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“என் மீசைக்கு ஒரு தொப்பி குடுக்கணுமா?” என்றான். அவனுக்கும் சிரிப்பு வந்தது, அதோடு இருமல் வந்தது, இருமல் நிற்கவில்லை. காளியம்மா ஓடி வந்து முதுகைத் தடவினாள். நான் 1970-ஐ நினைத்துக்கொண்டு நின்றேன்.

மூச்சு வந்ததும் அவனே சொன்னான். “இது நடிப்பில்லடா.”

“தெரியும்.”

“அப்பவும் நடிக்கல.”

“தெரியும்லா.”

அவன் அந்த நீல அட்டையைத் தடவிக்கொண்டே சொன்னான்:

“நான் என்னா சட்டை போட்டேன், யாருகிட்ட பேசினேன், எப்படி சிரிச்சேன், எல்லாம் இருக்கு. என் பொண்டாட்டிகூட என்னைய இப்படி பாத்ததில்ல. முப்பது வருஷம் என்னையே பாத்துகிட்டு இருந்திருக்கியே, பதினெட்டு.”

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

காளியம்மா சோறு போட்டாள். மீன்கறி இரண்டு கரண்டி கூடவே ஊற்றினாள். அப்போதுதான் நினைவு வந்தது, 1967-இல் ஒரு பக்கம்: “காளியம்மா வைத்த மீன்கறி. கறியும் அவனுக்கே அமைந்திருக்கிறது.” இந்தத் தகவல் இருசம்மாளுக்கு இன்னும் போகவில்லை. போகாமலே இருக்கட்டும்.

கிளம்பும்போது கேட்டான்: “71, 72 எல்லாம் எங்க? அடுத்த வாரம் கொண்டா.”

15 ஆகஸ்ட், ஞாயிறு

இது நாலாவது ஞாயிறு. அவனுக்கு வாசித்துக் காட்டுகிறேன். என் எழுத்தை இவ்வளவு கவனமாகக் கேட்ட வாசகர் எனக்கு வாய்த்ததில்லை, அதுவும் அவனே. சில இடங்களில் திருத்துகிறான். “அன்னிக்கு நான் பச்சை சட்டை இல்ல, நீலம்.” நான் பக்க ஓரத்தில் குறித்துக்கொள்கிறேன்.

இன்று 1975 முடிந்தது. டிசம்பர் 31: “நகராட்சிப் படையின் கடைசி நாள். நான் பிரிவு விழாவுக்கு உரை தயாரிக்க வேண்டியிருந்ததால் அவன் என் தொப்பியைப் போட்டுக்கொண்டு நின்றான். நாளை முதல் புதுப் பொம்பா, புதுத் தொப்பி. பழையதை வீட்டுக்கு எடுத்துப்போகலாமாம்.”

“உன் வீட்டு தொப்பி எங்க இருக்கு இப்ப?” என்றான்.

“வெங்காயம் போட்டு வச்சிருக்கா.”

“நம்பர் பாத்தியா?”

“வெங்காயத்துக்கு எதுக்கு நம்பர்?”

கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான். களைத்துவிட்டான் என்று நினைத்தேன்.

14 செப்டம்பர்

குழு விசாரணை. நீளமான மேசை, ஐந்து பேர், ஏர்கோன் குளிர். மூவார் மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்ததும் எழுந்து கை கொடுத்தார். “உங்க 1966 ரொம்ப நல்லா இருந்துச்சு சார்” என்றார் மெதுவாக. ஒரு விமர்சகர் கிடைத்துவிட்டார்.

தலைவர் மலாயில் கேட்டார்: இந்த ஆறு நாளும் நீங்கள் வேலைக்குப் போகவில்லை என்று ஒப்புக்கொள்கிறீர்களா?

ஒப்புக்கொள்கிறேன்.

போனதாகப் புத்தகத்தில் இருக்கிறதே?

தொப்பி போனது.

உங்கள் கணக்கு இதனால் ஒன்பதாகக் குறைகிறது, நாளைக்கு உங்களுக்கு இந்தச் சட்டத்தில் உரிமை இருக்காது, புரிகிறதா?

புரிகிறது.

ஒரு அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: நண்பருக்கு உதவ இதையெல்லாம் இப்போது எழுதவில்லை என்று நாங்கள் எப்படி நம்புவது?

நான் வாயைத் திறப்பதற்குள் மூவார்க்காரர் முந்திக்கொண்டார்: “அம்மா, உதவ நினைக்கிற ஒருவர் அவரைப் பற்றி இப்படி எழுதமாட்டார்.”

ஐந்து பேரும் தலையசைத்தார்கள். என் பொறாமை சாட்சியாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

19 அக்டோபர்

கடிதம் வந்துவிட்டது. அவனுக்குப் பதினைந்து. அங்கீகாரம். கோலாலம்பூர் போய்வரும் செலவு ஜூலையிலிருந்தே கிடைக்கும். காளியம்மா பெயரும் ஏறிவிட்டது.

எனக்கும் ஒரு கடிதம். ஒன்பது தீ. கூடவே, பெயர் திருத்தப்பட்ட நற்சான்றிதழ். “நாகமுத்து” என்பதில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது. ஆணியில் மாட்டவில்லை. அலமாரியில் வைத்திருக்கிறேன்.

கடிதத்தைக் காட்டியபோது அவன் பேச முடியாமல் கட்டை விரலை உயர்த்தினான்.

13 நவம்பர், தீபாவளி

அவன் வீட்டில் விளக்கு ஏற்றினார்கள். பட்டாசு வேண்டாம் என்றான். புகை ஆகாது. முறுக்கு ஒரு வாய் சாப்பிட்டான், எனக்காக.

26 நவம்பர்

காலை பதினொன்றேகால். நான் 1963 வாசித்துக்கொண்டிருந்தேன்.

27 நவம்பர்

கூட்டம் நூற்றைம்பதுக்குக் குறையாது. பொம்பாவிலிருந்து வண்டியும் சீருடையில் எட்டுப் பேரும். நான் எண்ணினேன். எனக்கு இரண்டு பேர் வந்தால் அதிகம். இதையும் எழுதுகிறேன், செத்தவனிடம் மறைப்பதற்கு இனி ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் படித்துவிட்டான்.

பெட்டிமேல் பழைய தொப்பியை வைப்பது வழக்கம். இளம் அதிகாரி காளியம்மாவிடம் கேட்டார். அவள் உள்ளே போய்ச் சாமி மேடைக்குக் கீழேயிருந்து, துணியில் சுற்றியிருந்ததை எடுத்து வந்தாள். நன்றாக எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தது.

அதிகாரி துணியை விலக்கிவிட்டுக் கையிலிருந்த தாளைப் பார்த்தார். மறுபடியும் தொப்பியைப் பார்த்தார். தாளில் பதினேழு. தொப்பியில் பதினெட்டு.

தேவமலர் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

1975, டிசம்பர் 31. கடைசி நாள். மாற்றியதைத் திரும்ப மாற்றவே இல்லை.

“இவருடைய எண் பதினேழுதானே?” என்று கேட்டார் அதிகாரி. “இது யாருடையது?”

புக்கிட் காத்திலில் என் வீட்டுக்கு ஓடிப்போய், வெங்காயத்தைக் கொட்டி, அவனுடைய பதினேழை எடுத்து வரலாம். முக்கால் மணி நேரம் ஆகும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

“சரியான தொப்பிதான்,” என்றேன். “வைங்க.”

இந்தத் தடவையும் என் தொப்பியில் அவன்தான் போனான்.

30 நவம்பர்

மீன்காரர் வந்தார். சமையலறையில் ஒரு புதுப் பிரம்புக் கூடை தொங்குகிறது. வெங்காயம் அதில் இருக்கிறது. இருசம்மாளின் வேலை. தொப்பி கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது, பதினேழு வெளியே தெரிகிற மாதிரி.